கற்பூரத் தட்டும் வைக்கோல் தண்ணீரும்: தன்னியங்கு பொருளை வன்னியில் வைத்தே அளப்பது எப்படி

நெல் தூற்றும்போது பதர் பறக்கிறது. அதே களத்தின் மேலால் தினைக்குருவிக் கூட்டமும் பறக்கிறது. பதரைக் கொண்டுபோவது வெளியிலிருந்து வரும் காற்று. குருவியைக் கொண்டுபோவது அது தின்ற நெல். இப்படித் தன்னிடமுள்ள சக்தியைத் தானே செலவழித்து அசையும் துணிக்கைகள் பல சேர்ந்த கூட்டத்தைத்தான் இயற்பியலில் ‘ஆக்டிவ் மேட்டர்’ என்கிறார்கள். இங்கே அதைத் தன்னியங்கு பொருள் என்று எழுதுகிறோம். மீன் கூட்டம், பற்றீரியாத் திரள், கலத்துக்குள் இழுபடும் புரத இழைகள் எல்லாமே இதற்குள் வரும். பாடப்புத்தகத்து வாயு விதிகள் வெப்பச் சமநிலையை நம்பி எழுதப்பட்டவை. இங்கே சக்தி ஒவ்வொரு துணிக்கையின் வழியாகவும் உள்ளே வந்துகொண்டே இருப்பதால் அந்தச் சமநிலை ஒருபோதும் வருவதில்லை.

கீழே இரண்டு பரிசோதனைகள் உள்ளன. ஒன்றில் உயிர் இல்லை, மற்றதில் உண்டு. உயர்தர மாணவர்களையும் விஞ்ஞான ஆசிரியர்களையும் மனதில் வைத்து எழுதியது இது. இலங்கையின் வன்னிப் பகுதியில், கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ கடைத்தெருவில் கிடைக்கும் சாமான்கள் போதும். விட்டுக்கொடுக்க முடியாத விதி ஒன்றுதான்: எதைச் செய்தாலும் பக்கத்தில் ஒரு பதரையும் வையுங்கள். அதாவது அளவிலும் வடிவிலும் அதே மாதிரி, ஆனால் உள்ளே சக்தி இல்லாத ஒன்று. அது இல்லாமல் எடுத்த காணொளி எவ்வளவு அழகாக இருந்தாலும் எதையும் நிரூபிக்காது.

கற்பூரத் தட்டுகள்

30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தட்டையான பிளாஸ்டிக் தாம்பாளம் ஒன்று, கற்பூரம் 2 கிராம், மருந்துக்கடைச் ஸ்பிரிற் 10 மில்லிலீற்றர், தடித்த வரைதல் தாள், கோப்புத் தாளில் துளையிடும் பஞ்ச், சாமணம், கறுப்புப் பொலித்தீன், அடிமட்டம், போன். இவ்வளவுதான் வேண்டும்.

கற்பூரத்தைப் பொடித்து ஸ்பிரிற்றில் கரையுங்கள். மலிவான வில்லைகளில் கரையாத படிவு அடியில் நிற்கும். மேலே உள்ள தெளிவை மட்டும் வேறு மூடிக்கு ஊற்றுங்கள். பஞ்சால் வெட்டிய 6 மில்லிமீற்றர் வட்டங்கள் நாற்பதை அதில் நனைத்து, பிளாஸ்டிக் மூடியொன்றில் பரப்பி, நிழலில் காயவிடுங்கள். இவைதான் கற்பூரத் தட்டுகள். ஸ்பிரிற் வாசம் முற்றாகப் போகும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஏமாற்றம்தான், ஏனெனில் ஸ்பிரிற்றும் நீரின் மேற்பரப்பிழுவிசையை, அதாவது நீர்ப்பரப்பு மிதப்பதைத் தன்பக்கம் இழுக்கும் விசையை, குறைக்கும். ஈரமான தட்டு கற்பூரமே இல்லாமலும் ஓடும். அதனால் இன்னும் பத்து வட்டங்களை வெறும் ஸ்பிரிற்றில் நனைத்துக் காயவைத்து வேறாக எடுத்து வையுங்கள். இவைதான் உங்கள் பதர்.

ஸ்பிரிற் இருக்கும் இடத்தில் நெருப்பு வேண்டாம். கற்பூரத்தை விழுங்கினால் குழந்தைகளுக்கு வலிப்பு வரும். சிறிய அளவும் ஆபத்து. மிஞ்சியதை இறுக மூடி உயரத்தில் வையுங்கள்.

தாம்பாளத்தைக் கழுவுவதில்தான் முக்கால்வாசி வெற்றி இருக்கிறது. சவர்க்காரம் போட்டால் சுடுநீரில் ஆறு தடவையாவது அலச வேண்டும். துணியால் துடைக்கக் கூடாது. கவிழ்த்துக் காயவிடுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையால் தண்ணீரைத் தொட்டால் பரிசோதனை அன்றைக்கு முடிந்தது. இது மிகைப்படுத்தல் இல்லை. 1890ஆம் ஆண்டில் ஆங்கிலேய இயற்பியலாளர் றேலி பிரபு இதையே அளந்தார். ஒலிவ் எண்ணெய்ப் படலம் ஏறத்தாழ 1.6 நானோமீற்றர் தடிப்பை எட்டியதும் கற்பூரத்தின் ஓட்டம் நின்றுபோனது. உங்கள் தாம்பாளத்தின் பரப்பு ஏறக்குறைய 700 சதுர சென்ரிமீற்றர். அதை 1.6 நானோமீற்றருக்கு மூட 0.1 மைக்ரோலீற்றர் எண்ணெய் போதும். தலையில் வைக்கும் தேங்காயெண்ணெயில் ஒரு துளியைப் பங்கிட்டால் நானூறு தாம்பாளங்களைக் கெடுக்கலாம். ஆகவே எதையும் சாமணத்தால் மட்டும் எடுங்கள்.

700 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டால் ஆழம் 1 சென்ரிமீற்றர் வரும். கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு இதற்குத் தடையில்லை. தட்டுகளைப் போடுமுன் புதிய கடதாசிக் கீற்று ஒன்றை நிமிர்த்திப் பிடித்து, நீரின் மேற்பரப்பை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு இரண்டு தடவை வழித்துவிடுங்கள். படிந்த தூசும் எண்ணெய்ப் பசையும் கீற்றோடு வந்துவிடும்.

முதலில் ஒரு பதரை விடுங்கள். அது அசையாமல் நிற்க வேண்டும். ஓடினால் காற்று. சோளகம் அடிக்கும் மாதங்களில் யன்னலை மூடினாலும் ஓட்டு இடுக்கால் காற்று வரும். காலை ஆறு மணிக்குச் செய்வதே நல்லது. மின்விசிறி ஓடக் கூடாது. பதர் நின்றபின் கற்பூரத் தட்டு ஒன்றை விடுங்கள். தொட்ட கணமே புறப்பட்டு, செக்கனுக்குச் சில சென்ரிமீற்றர் வேகத்தில் கரைக்குப் போய்த் திரும்பி வரும்.

ஏன் ஓடுகிறது என்பதை நின்று பார்க்க வேண்டும். தட்டு வட்டமானது. அதற்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. கற்பூரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் நீர்ப்பரப்பில் பரவினால் எல்லாப் பக்கமும் ஒரே இழுவிசைதான், ஓட்டம் வராது. ஆனால் ஒரு சிறு நடுக்கம் தட்டை ஒரு மயிரளவு வலப்பக்கம் தள்ளினால், வலப்பக்கத்தில் கற்பூரம் படாத நீர் இருக்கிறது, இடப்பக்கத்தில் தான் விட்ட கற்பூரம் இருக்கிறது. தூய நீரின் மேற்பரப்பிழுவிசை 25 பாகை செல்சியசில் மீற்றருக்கு 72 மில்லிநியூட்டன். கற்பூரம் படர்ந்த பக்கத்தில் அது குறைவு. கூடிய பக்கம் இழுக்கத் தட்டு வலப்பக்கம் போகிறது. போகப் போக முன்னால் எப்போதும் தூய நீர், பின்னால் எப்போதும் கற்பூரத் தடம். திசையை யாரும் கொடுக்கவில்லை. தட்டே எடுத்துக்கொண்டு தானே காப்பாற்றுகிறது.

இரு பக்க இழுவிசைக்கும் இடையில் மீற்றருக்கு 1 மில்லிநியூட்டன் வித்தியாசம் இருந்தால் 6 மில்லிமீற்றர் அகலத்துக்கு விசை 6 மைக்ரோநியூட்டன். நனைந்த தட்டின் திணிவை 10 மில்லிகிராம் என்று வைத்தால், தடைவிசையைக் கணக்கில் எடுக்காமல், ஆர்முடுகல் 0.6 மீற்றர் செக்கன்⁻². இத்தனை சிறிய வித்தியாசமே தட்டைப் பாயவைக்கப் போதும்.

தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பதர்களை விட்டுப் பாருங்கள். கற்பூரத் தட்டு நெருங்கும்போது அவை தொடாமலே விலகும். அவற்றின் அருகே ஒரு பக்கத்து இழுவிசை குறைவதுதான் காரணம். பிறகு கற்பூரத் தட்டுகளை ஐந்து, பத்து, இருபது, நாற்பது என்று கூட்டுங்கள். ஆரம்பத்தில் சும்மா பாய்ந்து திரியும். எண்ணிக்கை கூடும்போது ஒன்றின் தடம் மற்றதன் முன்னால் வந்துவிடும். வேகம் குறையும், நின்று நின்று ஓடும், கடைசியில் ஒன்றையொன்று விலக்கியபடி கிட்டத்தட்ட ஒழுங்கான இடைவெளியில் நிற்கும். நீர்ப்பரப்பு முழுவதும் கற்பூரம் நிறைந்துவிட்டால் இழுக்க வித்தியாசம் இல்லை. இதை உறுதிப்படுத்த ஒரு தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது தாம்பாளத்தைக் கண்ணாடியால் மூடுங்கள். கற்பூரம் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஓட்டம் தளரும். திறந்ததும் கொஞ்ச நேரத்தில் மீளும். ஆவியாதல்தான் இந்த இயந்திரத்தின் புகைபோக்கி.

தட்டுகள் கரையில் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் அது கற்பூரத்தின் பிழையில்லை. கண்ணாடியிலும் பீங்கானிலும் நீர் கரையோரமாக ஏறி நிற்கும், அந்தச் சரிவு நனைந்து மிதக்கும் தட்டைத் தன்பக்கம் இழுக்கும். பிளாஸ்டிக் சுவரில் நீர் அவ்வளவு ஏறாது. அதனால்தான் பிளாஸ்டிக் தாம்பாளம் கேட்டோம்.

வளையத்தில் வாகன நெரிசல்

வட்டமான பிளாஸ்டிக் பேசினுக்குள் நேர்ச்சுவருள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கல் போட்டு நடுவில் நிறுத்துங்கள். இரண்டுக்கும் இடையில் 15 மில்லிமீற்றர் வாய்க்கால் இருக்க வேண்டும். அதில் கற்பூரத்தால் ஓடும் சிறு ஓடங்களை விடப்போகிறோம். அதைவிட அகலமானால் ஓடங்கள் திரும்பி எதிர்த்திசை பிடிக்கும். ஓடத்துக்குக் கோப்பு உறைப் பிளாஸ்டிக்கில் 6 க்கு 12 மில்லிமீற்றர் துண்டு வெட்டி, பின்முனையில் கற்பூரத் தட்டின் பாதி வெளியே நீட்டும்படி இருபக்க ஒட்டுநாடாவால் அடியில் ஒட்டுங்கள். இப்போது முன்பின் உண்டு, திசை நிலைக்கும்.

எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்க விடுங்கள். மூன்று ஓடங்கள் சம இடைவெளியில் சுற்றும். எட்டு, பத்து என்று கூட்டும்போது ஓரிடத்தில் நெரிசல் கட்டும். முன்னால் போகும் ஓடம் விட்ட கற்பூரம் பின்னால் வரும் ஓடத்தின் முன்பக்க இழுவிசையைக் குறைப்பதால் அது தளர்கிறது, அதற்குப் பின்னால் வருவதும் தளர்கிறது. ஓடங்கள் முன்னோக்கிப் போக, நெரிசல் பின்னோக்கி நகரும். ஏ9 வீதியில் பரந்தன் சந்தியருகே ஒரு லொறி தளர்ந்தால் பின்னால் நீளும் வரிசையும் இப்படித்தான் பின்னோக்கி வளர்கிறது. ஒரு ஓடத்துக்கு மட்டும் நிறப் புள்ளி வைத்தால் இதைக் கண்ணால் பிடிப்பது இலேசு.

வைக்கோல் தண்ணீரில் பரமேசியம்

உயிருள்ள தன்னியங்கு பொருளுக்கு வன்னியில் தட்டுப்பாடே இல்லை. சூடடித்த வைக்கோலும் ஒரு போத்தல் குட்டைத் தண்ணீரும் போதும். அதில் வளர்க்கப்போவது பரமேசியம், நீந்தித் திரியும் ஒற்றைக் கல உயிர்.

குளக்கட்டால் இறங்கி அலைகரையில் அள்ள வேண்டாம். எங்கள் குளங்களில் முதலை உண்டு, அத்தோடு திறந்த அலைகரையில் பரமேசியமும் குறைவு. வாய்க்காலின் ஓடாத மூலையில், உக்கிய இலைகள் கிடக்கும் ஆழமில்லாத தண்ணீர்தான் நல்லது. இலைத்துண்டுகள் சிலவற்றோடு 200 மில்லிலீற்றர் எடுங்கள். கையில் காயம் இருந்தால் கையுறை கட்டாயம், எலிக்காய்ச்சல் இப்படியான தண்ணீரால்தான் வருகிறது. பச்சை நிறப் பெயின்ற் ஊற்றியது போல் மேலே படர்ந்த தண்ணீரைத் தொடாதீர்கள். அது பெரும்பாலும் நீலப்பச்சைப் பற்றீரியா, சிலவற்றில் நஞ்சு இருக்கும். அது மேலே வருவதும் நீந்தியல்ல, உள்ளிருக்கும் வாயுப்பைகளால் மிதந்து.

வைக்கோல் 10 கிராமை 3 சென்ரிமீற்றர்த் துண்டுகளாக வெட்டி, 1 லீற்றர் தண்ணீரில் கால் மணித்தியாலம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். அறுவடைக்கு முன் கடைசியாக மருந்தடித்த வயலின் வைக்கோல் கூடாது. மழையில் நனைந்து காய்ந்த பழைய வைக்கோல் பாதுகாப்பானது. குழாய்த் தண்ணீரில் குளோரீன் இருந்தால் முதல்நாளே திறந்து வையுங்கள். ஆறிய வைக்கோல் தண்ணீரை ஒன்று, ஒன்றரை நாள் துணியால் மூடி வைத்தால் இலேசாகக் கலங்கும். கொதித்தும் சாகாத பற்றீரிய வித்திகள் முளைத்ததன் அடையாளம் அது. பரமேசியத்துக்குச் சாப்பாடு அதுதான். பிறகு குட்டைத் தண்ணீரில் 100 மில்லிலீற்றரை நுளம்புக் குடம்பியும் தண்ணீர்ப் பூச்சியும் வராதபடி துணியில் வடித்து ஊற்றுங்கள். வாயைத் துணியால் கட்டுங்கள், இல்லாவிட்டால் நுளம்பு முட்டையிடும். நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

முதல் சில நாட்களில் மிகச் சிறிய உயிர்கள் மட்டும் தெரியும். ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் போத்தலைக் கறுப்புத் துணிக்கு முன்னால் வைத்துப் பக்கவாட்டில் டோர்ச் அடித்துப் பாருங்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வெள்ளைத் தூசு போன்ற புள்ளிகள் சுழன்று சுழன்று போகும். அவை தூசு அல்ல என்பதற்கு அடையாளம், பக்கத்துப் புள்ளி ஒரு பக்கம் போகும்போது இது வேறு பக்கம் போவது. அவித்த சோற்றுப் பருக்கை இரண்டு போட்டால் இன்னும் பெருகும். ஐந்தாறு போட்டால் பற்றீரியா பெருத்து ஒட்சிசனைத் தின்றுவிடும், அழுகல் மணம் வரும், இரண்டு நாளில் போத்தலே வெறுமையாகும். பரமேசியம் வராமல் போவதற்கு இந்த அதிகப்படி உபசாரமே பெரும்பாலும் காரணம்.

அடர்த்தியாகச் சேகரிக்க, ஒடுங்கிய கழுத்துள்ள சோடாப் போத்தலில் கழுத்தடி வரை வளர்ப்புத் தண்ணீரை விட்டு, மேலே பஞ்சைத் தளர்வாகத் திணித்து, அதன்மேல் தெளிந்த தண்ணீர் 3 சென்ரிமீற்றர் உயரம் மெதுவாக ஊற்றுங்கள். பரமேசியம் இயல்பாகவே புவியீர்ப்புக்கு எதிராக மேலே நீந்தும். அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் பஞ்சுக்கு ஊடாக மேலே வந்து கூடும், கசடு கீழே நிற்கும். ஊசி இல்லாத சிறிஞ்சால் உறிஞ்சுங்கள். ஒரு துளியில் குறைந்தது ஐம்பது பரமேசியம் இருக்க வேண்டும். குறைந்தால் திரும்பவும் இதே வேலை.

இந்த அடர்த்தியான நீரைத் தட்டையான தெளிந்த பிளாஸ்டிக் மூடியில் 4 மில்லிமீற்றர் ஆழத்துக்கு ஊற்றி, தெளிந்த பிளாஸ்டிக் தாளால் மூடி, அடியில் கறுப்புப் பொலித்தீன் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் அசையாமல் விடுங்கள். சில நிமிடங்களில் வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளுமாக ஒரு கோலம் எழும். பரமேசியத்தின் உடல் நீரைவிடச் சில சதவீதம் அடர்த்தி கூடியது. எல்லாம் மேலே நீந்திக் கூடியதும் மேலடுக்கு பாரமாகி, அங்கங்கே தாரையாகக் கீழே விழுகிறது. விழுந்தவை மறுபடி நீந்தி மேலே வருகின்றன. 1961இல் பிளாற் என்பவர் இதற்கு உயிர்ச் சலனம் என்ற பொருளில் ‘பயோகன்வெக்ஷன்’ என்று பெயரிட்டார். சூடான பானையிலும் இப்படி ஒரு மேல்கீழ் ஓட்டம் உண்டு. அங்கே அடுப்பு வேண்டும், இங்கே ஒவ்வொரு உயிரும் தன் அடுப்பு.

இங்கும் பதர் வேண்டும். அதே நீரை இன்னொரு மூடியில் விட்டு இரண்டு துளி வினாகிரி சேருங்கள். அவை இறந்து அடியில் படியும், கோலம் வராது. மூன்றாவது மூடியில் இரண்டு துளி பால் கலந்த வெறுந்தண்ணீரை வையுங்கள். அதிலும் கோலம் வந்தால் நீங்கள் பார்த்தது உயிரின் வேலையல்ல, ஆவியாதலாலோ விளக்குச் சூட்டாலோ வந்த சாதாரண வெப்பச் சலனம்.

அளப்பது

காலாவதியான ஏ.ரி.எம். அட்டை 0.76 மில்லிமீற்றர் தடிப்பு. அதில் 2.5 சென்ரிமீற்றர் வட்டத் துளை வெட்டி, கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, பரமேசிய நீரால் நிரப்பி, மேலே தெளிந்த தாளால் மூடினால் நல்ல அறை கிடைக்கும். இந்த அளவுக்குச் சேகரித்த நீரைத் தெளிந்த தண்ணீரால் ஐந்து மடங்கு ஐதாக்குங்கள், இல்லாவிட்டால் தடங்கள் பின்னிக்கொள்ளும். போன் கமராவில் பத்து மடங்குக் கைவில்லையை ஒட்டி, 2 சென்ரிமீற்றர் அகலம் தெரியும்படி, அடிமட்டத்தையும் சட்டத்துக்குள் வைத்து ஒரு நிமிடம் படம்பிடியுங்கள். ட்ரக்கர் என்ற இலவச மென்பொருளில் ஒரு பரமேசியத்தின் நிலையை 0.2 செக்கனுக்கு ஒருமுறை குறியுங்கள். சுவரிலிருந்து 3 மில்லிமீற்றருக்குள் வந்த பகுதியை விட்டுவிடுங்கள்.

எக்செலில், ஒவ்வொரு கால இடைவெளிக்கும் இடப்பெயர்ச்சியின் வர்க்கத்தைச் சராசரி எடுத்து, இரு அச்சிலும் மடக்கை வைத்து வரையுங்கள். குறுகிய நேரத்தில் சரிவு 2, அதாவது நேராகப் போகிறது. சில செக்கனுக்குப் பின் சரிவு 1, அதாவது திரும்பித் திரும்பித் தன் திசையை மறந்துவிட்டது. வளையும் இடம்தான் நினைவு நேரம். வேகம் செக்கனுக்கு 1 மில்லிமீற்றரும் நினைவு நேரம் 3 செக்கனும் என்றால் பரவல் குணகம், வேகத்தின் வர்க்கத்தை நினைவு நேரத்தால் பெருக்கி இரண்டால் வகுக்க, 1.5 சதுர மில்லிமீற்றர் செக்கன்⁻¹. இறந்த பரமேசியம் அதே நீரில் வெப்ப அசைவால் மட்டும் பரவுவது இதில் ஏறத்தாழ அறுபது கோடியில் ஒரு பங்கு. ஆனாலும் நீர் கொஞ்சமும் சூடாகவில்லை. வெப்பநிலை என்ற ஒற்றை எண்ணால் இந்தக் கூட்டத்தை விளக்க முடியாது என்பதை இந்த வித்தியாசம் காட்டுகிறது.

கற்பூரத் தட்டில் இதே வரைபடத்தை எடுத்தால் சரிவு 1 பெரும்பாலும் கிடைக்காது. 2இலிருந்து நேரே தட்டையாகிவிடும். தட்டு மூன்று செக்கனில் கரையில் முட்டுகிறது, திசையை மறக்க நேரமே இல்லை. அது அளவீட்டுப் பிழையல்ல, தாம்பாளத்தின் அளவு. இன்னொன்று: காற்றில் அள்ளுண்ட பதரும் சரிவு 2 காட்டும். பதரின் நகர்வைக் கழிக்காமல் ‘தானே ஓடியது’ என்று எழுதக் கூடாது.

கூட்டமாகத் திசை எடுப்பதைப் பார்க்கக் கணினிதான் வசதி. இயற்பியலாளர் விக்செக்கும் கூட்டாளிகளும் 1995இல் கொடுத்த மாதிரியில் விதி ஒன்றே: ஒவ்வொரு புள்ளியும் 1 அலகு ஆரைக்குள் உள்ள அயலவரின் சராசரித் திசையை எடுத்து, சிறு குழப்பம் சேர்த்து, படிக்கு 0.03 அலகு நகரும். 300 புள்ளிகளை 5 அலகுப் பெட்டியில் குழப்பம் 0.1 உடன் விட்டால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். பெட்டியை 25 அலகாக்கினால் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்து திரியும். பைதன் என்ற கணினி மொழியில் ஐம்பது வரிக்குள் எழுதலாம்.

வளர்ப்பை மூன்று கிழமைக்கு ஒருமுறை புதிய வைக்கோல் தண்ணீருக்கு மாற்றுங்கள். பழையதில் 50 மில்லிலீற்றர் போதும். மிச்சத்தைக் கிணற்றடியில் ஊற்றாமல், வெளுக்கும் திரவம் ஒரு மேசைக்கரண்டி விட்டு அரை மணித்தியாலம் வைத்தபின் மலசலகூடத்தில் ஊற்றிக் கையைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். அந்தக் கையோடு கற்பூரத் தாம்பாளத்துக்குப் போகவேண்டாம்.